மேடை, படக்கருவி, மூலபாடம்: நந்தனார் சரித்திரக் கீர்த்தனையின் மறுமேடையேற்றம் குறித்துச் சில கருத்துகள்

முன்னுரை

பழைய இசைநாடகம் ஒன்றை மீண்டும் மேடையேற்றி, அம்மேடையேற்றத்தைப் படம்பிடித்துப் பாதுகாப்பது இன்று எளிதாகிவிட்டது. சிற்றூர்க் கோயில் மண்டபத்தில் நிகழும் கூத்தும் அன்றிரவே உலகெங்கும் காணக் கிடைக்கிறது. ஆனால் அவ்வாறு உருவாகும் படம் யாது? அது ஒரு நிகழ்ச்சியின் நினைவுப் பொருளா, புதியதொரு கலைப்படைப்பா, அல்லது பனுவலின் ஒரு பதிப்பா? தமிழாய்வு இவ்வினாவைப் பெரும்பாலும் நாடகத்துறையின் தொழில்நுட்பச் சிக்கலாக ஒதுக்கிவிடுகிறது. இது அடிப்படையில் மூலபாடவியல் சார்ந்த வினா என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. மேடையேற்றத்தின் படப்பதிவு ஒரு பதிப்பு. ஆகவே சுவடியை அச்சிடுபவர்க்கு உரிய பொறுப்பு அதனை உருவாக்குபவர்க்கும் உண்டு. எதைக் கொண்டார், எதை விட்டார், ஏன் விட்டார் என்று அவர் சொல்லியாக வேண்டும்.

இதனை நிறுவக் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை தக்க சான்றாகிறது. பாரதியார் பிறந்த நரிமணம் நாகப்பட்டினத்தை அடுத்தது. கீழ்வேளூருக்கும் அதிகத் தொலைவில் இல்லை. நூல் பேசும் நிலமும் இக்காவிரிக் கடைமடை நிலமே. மேடையிலிருந்து திரைக்குச் சென்று பெருவாழ்வு பெற்ற இந்நூல், அப்பயணத்தில் எதை இழந்தது என்பதை அறிந்தால்தான் இனி அதனை மேடையேற்றிப் பதிவு செய்வோர் எதைக் காக்க வேண்டும் என்பது விளங்கும்.

பறைத்துடவையும் பண்ணையும்

சேக்கிழாரின் திருநாளைப்போவார் புராணத்தில் வேதியர் என்னும் நிலக்கிழார் இல்லை. ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழும் நந்தனார் ஊரார் விட்ட பறைத்துடவையை உணவுரிமையாகக் கொண்டு, கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழ் வீணை முதலியவற்றிற்கு நரம்பும் வழங்கித் தொண்டு செய்கிறார். அவருக்கு முன் நிற்கும் தடை பிறப்பு ஒன்றே. தில்லைக்கு நாளைப் போவேன் என்று அவர் தள்ளிப்போடுவதும் இத்தடையை எண்ணியே. வேலையாட்களை ஏவும் ஆண்டை எவரும் அங்குக் குறுக்கிடவில்லை.

பாரதியார் இந்நிலையை அடியோடு மாற்றினார். அவருடைய நந்தன் பறைத்துடவைக்கு உரியவன் அல்லன், வேதியரின் பண்ணையாள். தில்லை செல்ல அவன் ஆண்டையிடம் விடை பெற வேண்டும். ஆண்டை மறுக்கிறார், வைகிறார், நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று நிறைவேற்ற இயலாத நிபந்தனை விதிக்கிறார். ஓரிரவில் சிவனருளால் அவ்வேலை முடிகிறது. தஞ்சை வட்டார அளவில் ஒரு வேலி இருபது மா. ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அக்கணக்கில் நாற்பது வேலி ஏறத்தாழ 265 ஏக்கர். இக்கதையைக் கேட்ட டெல்டா உழவர்க்கு இது வெறும் புனைவு எண் அன்று. எத்தனை ஆள், எத்தனை நாள் என்று மனத்தில் உடனே கணக்கிடக்கூடிய எண். அந்தக் கணக்கில்தான் நிபந்தனையின் கொடுமை விளங்கும்.

பறைத்துடவையிலிருந்து பண்ணைக்கு நிகழ்ந்த இம்மாற்றம் கதைச்சுவைக்காகச் சேர்த்த கிளைக்கதை எனக் கொள்ளுதல் பொருந்தாது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தஞ்சையின் பண்ணையாள் முறை அடியார் புராணத்துக்குள் நுழைந்த இடம் அது. அம்முறையை நெறிப்படுத்தும் தஞ்சாவூர்க் குத்தகையாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல்தான் வந்தது. அதாவது, பாரதியார் தம் நூலை அச்சேற்றிய பின்னும் ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் நந்தனின் விடுப்பு வேண்டுகை வழக்கொழியாத நிகழ்காலமாகவே இருந்தது.

நூலில் இன்னொரு தரப்பும் உண்டு. சேரியின் பெரியவர்கள் நந்தனை ஏற்பதில்லை. தம் குலதெய்வங்களை விட்டுச் சிவனைப் பற்றும் அவன் போக்கு சேரிக்குக் கேடு விளைக்கும் என அஞ்சுகின்றனர். ஆண்டையிடம் முறையிடவும் செய்கின்றனர். ஆக, நந்தனின் பாடல்கள் தனிமனத்தின் உருக்கம் மட்டும் அல்ல. அவை ஆண்டைக்கும் சேரிக்கும் இடையில் நின்று அவன் சொல்லும் விடைகள்.

படித்த நூலும் கேட்ட நூலும்

உ. வே. சாமிநாதையர் பதிவு செய்துள்ள ஒரு நிகழ்ச்சி இங்குக் கருதத்தக்கது. தம் கீர்த்தனைக்குச் சாற்றுகவி வேண்டி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை பாரதியார் அணுகினார். நூலில் இலக்கண வழுக்கள் இருந்தமையால் பிள்ளையவர்கள் இசையாமல் காலம் தாழ்த்தினார். ஒருநாள் பாரதியார் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தம் பாடலைத் தாமே பாடினார். கேட்டு உருகிய பிள்ளையவர்கள் பின்னர்ச் சாற்றுகவி அளித்தார்.

இந்நிகழ்ச்சியைப் பெரும்பாலும் இசையின் வலிமைக்குச் சான்றாகவே எடுத்துக்காட்டுவர். மூலபாடவியல் நோக்கில் இதற்கு வேறு பொருளும் உண்டு. ஒரே நூலை ஒரே அறிஞர் படித்தபோது ஒரு முடிவுக்கும், கேட்டபோது மற்றொரு முடிவுக்கும் வந்தார். எழுத்துவடிவில் வழுவாகத் தோன்றியது நிகழ்த்துவடிவில் வழுவாகத் தோன்றவில்லை. ஆகவே கீர்த்தனை நாடகத்துக்கு எழுத்துவடிவம் மட்டும் மூலபாடம் ஆகாது. நிகழ்த்துவடிவமும் மூலபாடச் சான்றே. 1860-களின் தொடக்கத்தில் காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அலுவலர் ஒருவரின் ஆதரவில் அச்சேறிய நூல் அதன் ஒரு பாதி எனில், கதாகாலட்சேப மேடை மறுபாதி.

அம்மேடையின் இயல்பும் நோக்கத்தக்கது. காலட்சேபத்தில் ஒருவரே வேதியராகவும் நந்தனாகவும் சேரிக் கிழவராகவும் மாறி மாறிப் பேசுவார். விருத்தம், கீர்த்தனை, நொண்டிச்சிந்து, கண்ணி, வசனம் எனப் பாவினம் மாறும்போது பேசும் ஆளும் மாறுவதைக் கேட்போர் உணர்வர். தஞ்சாவூர்க் கிருஷ்ண பாகவதர் போன்றோர் வளர்த்த இக்கலையில், ஏசுபவனின் குரலும் ஏச்சுக்கு ஆளாகுபவனின் குரலும் ஒரே தொண்டையிலிருந்து எழுந்தன. பல நடிகர் நடிக்கும் நாடகமாக இது மாறியபோதே இந்த இரட்டைத்தன்மை குறைந்தது. திரையில் அது முற்றிலும் நீங்கியது.

திரைக்கு வந்த நந்தன்

தமிழ்ப் பேசும்படத்தின் முதற்பத்தாண்டு பெரும்பாலும் மேடை நாடகத்தைப் படக்கருவியின் முன் நிறுத்திய காலம். 1934-இல் வந்த ‘பவளக்கொடி’ மேடையில் பெற்ற வெற்றியைத் திரைக்கு மாற்றிய படம். இவ்வரிசையில் 1935-இல் மாணிக் லால் டாண்டன் இயக்கத்தில் ‘பக்த நந்தனார்’ வெளிவந்தது. மேடையில் புகழ்பெற்ற கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும், இசைமேதை மகாராஜபுரம் விசுவநாதையர் வேதியராகவும் தோன்றினர். பெண்பாலர் ஆண்வேடம் தாங்குதல் மேடைக்கு இயல்பு. மேடையின் ஒப்பந்தம் அறிந்தவர்க்கு அது உறுத்தாது. திரையின் அண்மைக்காட்சியில் அவ்வொப்பந்தம் செல்லாது. அங்குப் பார்ப்பவர் காண்பது நந்தனை அன்று, சுந்தராம்பாளை. அவர் பெற்ற ஒரு லட்சம் ரூபாய் ஊதியமே இன்றுவரை அப்படத்தைப் பற்றிய முதற்செய்தியாக நினைக்கப்படுவதன் காரணமும் இதுவே எனலாம்.

1942-இல் ஜெமினியின் ‘நந்தனார்’ முருகதாசா இயக்கத்தில் வந்தது. எம். எம். தண்டபாணி தேசிகர் நந்தனாராகவும் செருகளத்தூர் சாமா வேதியராகவும் நடித்தனர். பாரதியாரின் கீர்த்தனைகளோடு பாபநாசம் சிவன், கொத்தமங்கலம் சுப்பு ஆகியோரின் பாடல்களும் இடம்பெற்றன. தேசிகர் திருச்செங்காட்டங்குடியினர், சிவன் பிறந்தது போலகம், மூலநூலாசிரியர் பிறந்தது நரிமணம். சென்னையில் உருவான படமாயினும் சொல்லும் குரலும் ஒரே வட்டாரத்து மண்ணிலிருந்து சென்றவை.

இப்படங்களைக் குறைகூறுதல் இக்கட்டுரையின் நோக்கம் அன்று. தேசிகரின் குரல் இல்லையேல் பாரதியாரின் பெயர் இத்தனை இல்லங்களை எட்டியிராது. ஆயினும் விளைவைக் காண வேண்டும். நாடகத்திலிருந்து படம் சில பாடல்களைத் தேர்ந்தது. படத்திலிருந்து இசைத்தட்டு மேலும் சிலவற்றைத் தேர்ந்தது. இசையரங்கு அவற்றிலும் சிலவற்றையே தக்கவைத்தது. இம்மூன்று சல்லடைகளிலும் தங்கியவை பெரிதும் நந்தனின் ஏக்கப் பாடல்கள். வேதியரின் மறுப்பும் சேரிப் பெரியவர்களின் அச்சமும் கீழே உதிர்ந்தன. விடை எஞ்சியது, வினா மறைந்தது. ஆண்டையிடம் விடுப்புக் கேட்ட பண்ணையாள், ஆண்டவனிடம் காட்சி கேட்கும் அடியவன் மட்டும் ஆனான்.

ஓர் அயல்நாட்டு ஒப்பீடு

இதே சிக்கலை வேறொரு மொழியின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. ரிச்சர்ட் ராட்ஜர்ஸ், ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் ஆகியோரின் ‘ஓக்லஹோமா!’ 1943-இல் நியூயார்க்கில் மேடையேறிய இசைநாடகம். உழவரும் மாடுமேய்ப்போரும் வாழும் புதுநிலம் அதன் களம். அதில் ஜட் ஃப்ரை என்னும் பண்ணைக் கூலியாள் ஒருவன் உண்டு. இறைச்சியைப் புகையூட்டும் கொட்டிலே அவன் உறைவிடம். அவன் தன் தனிமையையும் சினத்தையும் வெளியிடும் தனிப்பாடல் ஒன்று மூலத்தில் உள்ளது. 1955-இல் வந்த திரைப்படம் அப்பாடலை விட்டுவிட்டது. விளைவாக, கூலியாள் மனம் உள்ளவனாகத் தோன்றாமல் கதையின் தீயவனாக மட்டும் எஞ்சினான். 1998-இல் லண்டன் நேஷனல் தியேட்டர் டிரெவர் நன் இயக்கத்தில் அந்நாடகத்தை மறுமேடையேற்றியபோது அப்பாடல் உரிய இடத்தில் ஒலித்தது. அம்மேடையேற்றம் அடுத்து முழுமையாகப் படமாக்கப்பட்டமையால், திரை நீக்கியதைத் திரையே மீட்டுத் தந்தது.

நெடுந்தொலைவிலுள்ள இரு நாடகங்களிலும் முதலில் வெட்டுண்டது நிலத்தில் உழைப்பவன் சார்ந்த பகுதியே என்பது எண்ணத்தக்கது. ஆனால் வேறுபாடு ஒன்று உண்டு. அங்கு அச்சிட்ட இசைப்படியும் வசனப்படியும் முழுமையாக இருந்தமையால் எது விடுபட்டது என எவரும் ஒப்பிட்டறிய முடிந்தது. நம்மிடமோ பாட்டின் மெட்டு பாடுவோர் நாவிலும், வசனம் பாகவதரின் மனத்திலும் வாழ்ந்தது. இங்கு விடுபடுவது மீளாமலே போகக்கூடும்.

இரு மறுப்புகள்

முழுப்பாடத்தையும் மேடையேற்ற வேண்டும் என்ற கருத்துக்கு இரண்டு மறுப்புகள் எழும். இரண்டும் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல.

முதல் மறுப்பு சொல் சார்ந்தது. வேதியரின் வாய்மொழியில் சாதி இழிசொற்கள் நிறைந்துள்ளன. அவற்றை இன்று மேடையில் ஒலிக்கச் செய்து, படமாக்கி, எவரும் துண்டு துண்டாக வெட்டிப் பரப்பத்தக்க நிலையில் வைக்கலாமா? இவ்வச்சம் நியாயமானது. ஆனால் சொல்லை நீக்குவதால் யார் பயனடைகிறார் என்பதையும் கேட்க வேண்டும். இழிசொல் நீங்கிய வேதியர் கண்டிப்பான முதலாளியாக மட்டும் தோன்றுவார். நந்தன் தாங்கியது எவ்வளவு என்பது மறையும், ஆண்டை தப்பித்துக்கொள்வார். சுவடியில் உவப்பற்ற அடி இருப்பின் பதிப்பாசிரியர் அதனை அழிப்பதில்லை; குறிப்பு எழுதுகிறார். மேடைப்பதிவிலும் அதுவே நெறியாதல் வேண்டும். முழுப்பாடம் ஆய்வுப்பதிவில் இருக்கட்டும். பொதுக்காட்சிக்குரிய வடிவில் எவையேனும் நீக்கப்படின் நீக்கம் இன்ன இடத்தில் நிகழ்ந்தது என்பது வெளிப்படையாகக் காட்டப்படட்டும். சொல்லாமல் நீக்குவதே பிழை.

இரண்டாம் மறுப்பு இன்னும் ஆழமானது. நந்தன் கதையையே ஏன் மீட்க வேண்டும்? தீயில் மூழ்கித் தன் பிறப்பை எரித்த பின்னரே ஒருவன் கோயிலுக்குள் செல்லலாம் எனச் சொல்லும் கதை யாருக்கு வேண்டும்? அயோத்திதாச பண்டிதர் இக்கதையை ஏற்கவே இல்லை. நந்தனைச் சூழ்ச்சியால் வீழ்த்தப்பட்ட பௌத்த மன்னனாக அவர் எழுதினார். இந்திரா பார்த்தசாரதி ‘நந்தன் கதை’ நாடகத்தில் தீயைத் தெய்வ ஆணையாகக் காட்டாமல் ஆதிக்கச் சாதியினரின் சூழ்ச்சியாகக் காட்டினார். வெண்மணியை மையமாகக் கொண்ட ‘குருதிப்புன’லின் ஆசிரியரும் அவரே என்பது தற்செயல் அன்று.

கீழ்வேளூர் வட்டாரத்தில் இம்மறுப்பு நூல்வழி வாதமாக நின்றுவிடாது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலிப் போராட்டத்தின் பகையில், கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவ்வூர் இன்றைய கீழ்வேளூர் வட்டத்தில் உள்ளது. இம்மண்ணில் நந்தனைத் தீ வளர்த்து அழைக்கும் காட்சியை எவர் மேடையேற்றினாலும், பார்ப்போர் மனத்தில் எழும் தீ தில்லையின் தீயாக மட்டும் இராது.

இருப்பினும் இக்காரணமே மறுமேடையேற்றத்தை வேண்டுவதாக எனக்குத் தோன்றுகிறது. நாம் மேடையேற்றாமையால் கதை மறையவில்லை. வேதியர் நீங்கிய, வேலை நீங்கிய, கூலி நீங்கிய வடிவில் அது நாள்தோறும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. மறுப்பாளர்கள் எதிர்க்கும் பணிவுமிக்க நந்தனை உருவாக்கியதில் பாதிப்பங்கு இந்தச் சல்லடைக்கே உரியது. முழுப்பாடம் கண்முன் வந்தால் பாரதியாரின் வரம்பும் தெளிவாகும், துணிவும் தெளிவாகும். அந்தணரான அவர், அந்தண நிலக்கிழாரைக் கொடியவராகப் படைத்து, இறுதியில் தம் பண்ணையாளின் காலில் விழச் செய்தார். ஆனால் நந்தனைத் தீயிலிருந்து அவரால் காக்க இயலவில்லை. இவ்விரண்டையும் ஒருசேரக் காட்டாத பதிவு போற்றுதற்கும் தகாது, மறுத்தற்கும் தகாது. இக்கதையை மறுத்த ஒரு மரபும் உண்டு; இப்பெயரைக் கல்விக்கான கொடியாக ஏந்திய மரபும் உண்டு. சுவாமி சகஜானந்தர் 1916-இல் தில்லையிலேயே நிறுவிய பள்ளிக்கு நந்தனார் பெயரைச் சூட்டினார். இவ்விருமரபினரும் விவாதிக்க ஒரு பொதுப்பாடம் வேண்டும்.

பதிவு எவ்வாறு அமைதல் வேண்டும்

படப்பதிவைப் பதிப்பாகக் கருதினால் சில நெறிகள் தாமே பெறப்படும்.

முதலாவது, பாடத் தெளிவு. எந்த அச்சுப்படியைப் பின்பற்றினர், எந்தப் பாடல் யாரிடமிருந்து எந்த மெட்டில் பெறப்பட்டது, திரைப்படத்திலிருந்து நுழைந்த பாடல்கள் எவை என்பன பதிவோடு இணைத்துத் தரப்பட வேண்டும். சிவன் பாடலையும் பாரதியார் பாடலையும் ஒன்றாக எண்ணும் நிலை இதனால் நீங்கும்.

இரண்டாவது, இருவடிவப் பதிவு. ஒருவரே நிகழ்த்தும் காலட்சேப வடிவமும், பலர் நடிக்கும் நாடக வடிவமும் தனித்தனியே பதிவாக வேண்டும். ஒரு குரல் இரு தரப்பையும் சுமப்பதால் விளையும் பொருள் நாடக வடிவில் கிட்டாது. சேரியார் ஒருசேரப் பேசும் ஓசை காலட்சேபத்தில் கிட்டாது.

மூன்றாவது, படக்கருவியின் நிலை. முழுமேடையையும் இடையறாது காட்டும் ஒரு நிலைப்பதிவு கட்டாயம் இருத்தல் வேண்டும். அண்மைக்காட்சி நந்தனின் முகத்துக்குச் செல்லும் பொழுதெல்லாம் அவன் சொல்லைக் கேட்டுக்கொண்டிருக்கும் வேதியரும் சேரியாரும் சட்டத்துக்கு வெளியே தள்ளப்படுகின்றனர். முன்னைய சல்லடைகள் செய்ததையே இதுவும் செய்கிறது. வாயசைப்பின்றி மேடையிலேயே பாடிய ஒலியே பதிவாதலும் இன்றியமையாதது; மீனாட்சிசுந்தரம் பிள்ளை கேட்டது திண்ணைக் குரலையே.

நான்காவது, பார்வையாளர். நாற்பது வேலி என்ற சொல் விழும்போது அவையில் எழும் ஓசையும் பாடத்தின் பகுதியே. நகரத்துக் குளிரரங்கில் அவ்வெண் எண்ணாகவே நிற்கும்; நடவும் அறுப்பும் அறிந்த அவையில் அது பொருளாகும். எனவே குறைந்தது ஒரு மேடையேற்றமேனும் கடைமடை ஊர் ஒன்றில் நிகழவும், நிகழ்ச்சிக்குப் பின் வேளாண் தொழிலாளர் சொல்லும் கருத்துகள் பதிவின் உரைப்பகுதியாக இணையவும் வேண்டும். நூலுக்கு உரை எழுதும் உரிமை புலவர்க்கு மட்டும் உரியதன்று.

இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறையும் இசைத்துறையும் சுவடித்துறையும் ஒரே வளாகத்தில் உள்ளன. கல்லூரித் தமிழ்த்துறைகளில் சிற்றிலக்கியம் பயிலும் மாணவர் பலர் இவ்வட்டார ஊர்களிலிருந்தே வருகின்றனர். இயல், இசை, நாடகம் என முத்தமிழைப் பாடத்திட்டத்தில் பிரித்துவைத்திருக்கும் நாம், பிரிக்க இயலாத ஒரு நூலின் முன் மூன்று துறைகளையும் ஒன்றாக அமரச் செய்தல் மட்டுமே வேண்டுவது.

நிறைவுரை

கீர்த்தனை நாடகத்தின் மறுமேடையேற்றமும் அதன் படப்பதிவும் பண்பாட்டு விழாவின் துணைப்பொருள்கள் அல்ல; பதிப்புச் செயல்கள். 1935-ஆம் ஆண்டும் 1942-ஆம் ஆண்டும் நந்தனைத் திரைக்குக் கொணர்ந்தவர்கள் வணிகக் கலைஞர்கள். தேர்ந்தெடுத்தல் அவர்கள் உரிமை. பல்கலைக்கழகம் செய்யும் பதிவுக்கு அவ்வுரிமை இல்லை. வேதியரின் மறுப்பு, சேரியின் அச்சம், நாற்பது வேலியின் அளவு, இறுதித் தீ ஆகிய நான்கும் முழுமையாக இடம்பெறாத எந்தப் பதிவையும் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையின் பதிவு என ஆய்வுலகம் ஏற்றல் ஆகாது. அதனைத் தெரிவுப்பாடல் தொகுப்பு என்று பெயரிட்டு அழைப்பதே முறை.